மூன்று பெயரில் புகார் எழுதிய நேயருக்கு

மதிப்பிற்குரிய நேயர் அவர்களுக்கு,

எங்கள் விண்வெளித் தொடரின் கதைப் பிரிவு சார்பில் வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறோம். சென்ற ஞாயிறு மாலை ஒளிபரப்பான, இனவெறியைப் பற்றிய சிறப்பு அத்தியாயம் குறித்துத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. தங்கள் மனைவியார் பெயரில் தாங்கள் எழுதிய கடிதமும் கிடைத்தது. ‘ஒரு நடுநிலை நேயர்’ என்ற பெயரில் தாங்கள் எழுதிய கடிதமும் கிடைத்தது.

மாமா, மூன்றிலும் ஒரே கிரீஸ் கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

இதற்கு மேல் அலுவலக நடையில் எழுத எனக்கு வரவில்லை. இந்த உறையில் இரண்டு கடிதம் வைத்திருக்கிறேன். முத்திரை குத்தி நாலு வரியில் இருப்பது அலுவலகப் பதில்; அதன் நகல் கோப்பில் இருக்கிறது. இது உங்கள் மச்சினி எழுதுவது. அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘ஒரு குண்டுகூட வெடிக்காததால் குடும்பத் தலைவியாகிய நான் கடும் மன உளைச்சலுக்கு ஆளானேன்’ என்று அவள் பெயரில் எழுதியிருக்கிறீர்களே, அது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இந்தப் பத்தியை மட்டும் இருமிக்கொண்டே தாண்டிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கதை அறையில் தபால் பையைப் பிரித்தார்கள். கதைப் பொறுப்பாளரை நாங்கள் ‘கதை சார்’ என்போம். அவர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். பாராட்டி வந்தவை முப்பத்தொன்பது, திட்டி வந்தவை நாற்பத்தொன்று. உங்கள் மூன்றையும் ஒன்றாக்கியிருந்தால் சரிக்குச் சமமாகியிருக்கும் மாமா. அந்த அத்தியாயத்துக்கு விதை போட்டது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வருகிற திங்கட்கிழமையோடு என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா, பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டு மாடிக்கே அனுப்பிவிடுவதா என்பதைச் சேனலின் தலைமை அம்மா அன்றைக்கு முடிவு செய்வார். இப்படிப்பட்ட நேரத்தில் என் சொந்த மாமா, என்னைத் தூக்கி வளர்த்த மனிதர், மூன்று வாக்குப் போட்டிருக்கிறார். மூன்றும் எனக்கு எதிராக.

கதை சார் உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோது அறையே சிரித்தது. ‘நாற்பத்து மூணு நிமிஷம் கப்பல் ஒரு அடி நகரல. கேப்டன் பூட்ஸைக் காட்டினீங்க, மூஞ்சியைக் காட்டல. விண்வெளிக்குப் போயும் சோத்துக்கு வரிசையா? கடைசியில ஒரு நீலப் பொண்ணு கேப்டன் நாற்காலியில உக்காருது, எந்திரிச்சுப் போகுது. உக்காந்தா ஒரு பட்டனையாவது அமுக்க வேணாமா?’ நானும் சிரித்தேன். வெட்கத்தில் சிரிப்பதற்கும் வேடிக்கையில் சிரிப்பதற்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது என்பது ஒரு வசதி. மூன்றாவது கடிதத்தின் அடியில், பேனா எழுதாமல் போனதாலோ என்னவோ, பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதையும் அதே சிரிப்போடுதான் படிக்க ஆரம்பித்தார்.

‘நாள் பூரா இதைத்தான் பார்க்கிறேன். ஞாயித்துக்கிழமையும் இதையே காட்டணுமா?’

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கதை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ‘ஏம்மா, இந்த ஆளுக்கு நீயே பதில் எழுது. நாலு வரி போதும். இவரு திரும்ப நம்ம தொடரைப் பார்க்கணும். அப்படி ஒரு பதில் எழுதிட்டேன்னா திங்கட்கிழமை நான் உனக்காகப் பேசறேன்’ என்றார். இவர் என் மாமா சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘சரி சார்’ என்றுதான் வந்தது. நாலு வரி எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பென்சில் வரிக்கு அதில் பதில் இல்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். நேராக வரத் தெரியாது, சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா அங்கே எல்லாரிடமும் ‘தங்கச்சி டிவிக்குக் கதை எழுதறா’ என்று சொல்லிவைத்திருக்கிறாள். உண்மையில் நான் பிரிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடி நோட்டில் குறிப்பெழுதுகிறவள். எந்தக் காட்சியில் யார் என்ன உடுப்பு, கோப்பை எந்தக் கையில் இருந்தது, கேப்டனுக்கு வகிடு இடப்பக்கமா வலப்பக்கமா, இதெல்லாம். ஐந்து மாதத்தில் அந்த அறையில் நானாகப் பேசிய ஒரே வசனம் ‘பேப்பர் தீர்ந்துடுச்சு சார்’. பழைய அத்தியாயங்களையெல்லாம் முதலிலிருந்து பார்த்துக் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். பதினான்கு வருடக் கதை. நீலர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கப்பலின் அடித்தளத்தில் என்ஜினைப் பார்த்துக்கொள்கிற நீலத்தோல் ஆட்கள். அவர்கள் இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு காட்சியில் வருகிறார்கள். வசனம் ‘சரி கேப்டன்’. ஒரே ஒருவர் மட்டும் ஒரு தடவை ‘ஆபத்து கேப்டன்’ என்றார். சொல்லி முடிப்பதற்குள் வெடித்துச் சிதறிவிட்டார். கப்பலின் வரைபடத்தில் கேப்டனுக்குச் சாப்பாட்டு அறை இருக்கிறது, வீரர்களுக்கு இருக்கிறது, கேப்டனின் நாய்க்குக்கூட ஒரு மூலை இருக்கிறது. நோட்டின் ஓரத்தில் நான் சின்னதாக எழுதினேன்: ‘நீலர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்?’ சத்தியமாக வரைபடம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒன்பது வயதில் இதே கேள்வியை உங்களிடம் கேட்டிருக்கிறேன். ‘டிபன் பாக்ஸ் கொண்டாந்திருப்பாங்க, பேசாம பாரு’ என்றீர்கள். அப்போது அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

கதை சார் அந்த ஓரத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, ‘இதுதான் அடுத்த எபிசோடு’ என்றார். முழுக்க நீலர்கள் கண் வழியாக. சண்டை கிடையாது. கேப்டனின் குரல் கேட்கும், முகம் தெரியாது, நீலர்கள் குனிந்து பார்க்கும்போது தெரிகிற பூட்ஸ் மட்டும். தயாரிப்பு மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ‘ராக்கெட் விடற இடத்துல எதுக்கு சார் இந்த விஷப்பரீட்சை? இனவெறி பத்தித் தெரிஞ்சுக்கணும்னா ஜனங்க செய்தி பார்க்க மாட்டாங்களா?’

‘செய்தின்னா சேனலை மாத்திடுவான்யா’ என்றார் கதை சார். ‘நீலத் தோலுன்னு வை, சொல்றது நம்மளை இல்லன்னு நெனச்சுக்கிட்டு முழுசாப் பார்ப்பான்.’

இந்த இடம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது மாமா. அதற்குப் பிறகுதான் சாயம் வந்தது.

வழக்கமாக ஒரு அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று நீலர்தான் தேவைப்படும். இந்தத் தடவை இருபத்தாறு பேர், நான்கு நாள். எப்போதும் பூசுகிற சாயம் அத்தனை பேருக்குப் போதாமல் வேறு ஒன்று வரவழைத்தார்கள். அது தோலில் காய்வதே இல்லை. ஆனால் தொட்ட இடத்தில் எல்லாம் உடனே காய்ந்துவிடும். முதல் நாள் காலை, வந்தவர்கள் உட்காரும் அறையிலிருந்த வெள்ளைச் சோபாவில் ஒரு நீலக் கட்டைவிரல். மேனேஜர் அந்தச் சோபாவைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறவர். ‘தப்பா எடுத்துக்காதீங்கப்பா, சாயம் பூசினவங்க மட்டும் கொஞ்சம்’ என்று சொல்லி, பின்படிக்கட்டுப் பக்கம் ஒரு பெஞ்சு போட்டுப் பிளாஸ்டிக் விரித்தார். சரிதானே, சோபா என்ன பாவம் செய்தது? பதினோரு மணி டீக்குப் பிறகு கோப்பை விளிம்பெல்லாம் நீலம், எத்தனை கழுவினாலும் போகவில்லை. அதனால் அவர்களுக்குத் தனிக் கோப்பை, மாறிவிடாமல் இருக்க அடியில் ஒரு துண்டு டேப், அடுக்கத் தனித் தட்டு. சாயங்காலம் முன்வாசல் கண்ணாடிக் கதவில் ஐந்து விரலும் பதிந்திருந்ததால், மறுநாளிலிருந்து குப்பைத்தொட்டிப் பக்கத்துப் பின்கதவு. லிஃப்ட் பொத்தான் நீலமானதால் படிக்கட்டு. குழம்புக் கரண்டி நீலமானதால், மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது மாமா. எல்லாமே நல்ல காரணம். உட்கார்ந்து யோசித்தாலும் ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியாது. மேனேஜரும் தங்கமான மனிதர், பின்படிக்கட்டில் காற்று வராது என்று தன் மேஜை மின்விசிறியை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பெஞ்சுக்கு எதிரில் வைத்தார். எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் ‘அண்ணே, இப்படி வாங்க’ என்றிருந்தது, ‘ஏய் நீலம், அங்க நில்லு’ என்று ஆகியிருந்தது. யார் முதலில் மாற்றினார்கள் என்று நோட்டில் குறிக்கத் தவறிவிட்டேன். குறிப்பதுதான் என் வேலை. அப்படியும் தவறிவிட்டேன்.

அன்றைக்கே நீலர்களில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மேனேஜர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிரிண்டருக்குப் பின்னால் ஒளிய முயன்றேன், பிரிண்டர் சின்னது. ‘உயரம் சரியா இருக்கு. இந்தப் பொண்ணைப் பூசுங்க’ என்றார். பூசினார்கள். உண்மையைச் சொல்லட்டுமா மாமா, முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். என்னைப் போலக் கூச்ச சுபாவக்காரிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் ‘ஏன் பேசவே மாட்டேங்கிற’ என்று கேட்கவில்லை. நீலமாக நின்றால் போதும். பிறகு கதை சார் வேகமாக வந்தார், ஐந்து மாதம் ஒரே அறையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர், என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, ‘நம்ம கதை டிபார்ட்மெண்டுப் பொண்ணு எங்கப்பா?’ என்று என் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டார்.

‘நான்தான் சார்’ என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியும், எனக்கே பாதிதான் கேட்கும்.

‘ஆங், சரி, இதைக் கொண்டுபோய் வை’ என்று குடித்த கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதுவும் டேப் ஒட்டாத கோப்பை. என் கை பட்டதால் அதிலும் ஒட்ட வேண்டியதாயிற்று.

பின்படிக்கட்டுப் பெஞ்சில் எனக்கு இடம் விட்டவர் என்ஜின் அண்ணன். அவரை உங்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து என்ஜினுக்கு இடப்பக்கம் நிற்கிற ஒல்லி நீலர். நான் முகம் வாடி உட்கார்ந்ததைப் பார்த்து, ‘பழகிடும்மா’ என்றார். ‘மொத வருஷம் கோவம் வரும். ரெண்டாவது வருஷம் சிரிப்பு வரும். அப்புறம் தூக்கம்தான் வரும்.’

‘இந்த ரெண்டு நாளாத்தானே அண்ணே இப்படி?’

‘ரெண்டு நாளா கூட்டமா இருக்கோம், அதான் கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு பேர் மூணு பேரா இருந்தப்ப நாங்க எங்களைக் கூட்டிட்டு வர்ற வண்டியிலேயே சாப்பிட்டுக்குவோம். நோட்டுல என்னமோ கேட்டு எழுதினியாமே. அதுக்குப் பதில் அதான்.’

பதினான்கு வருடம் மாமா. நீங்களும் நானும் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்த பதினான்கு வருடமும் அவர் வண்டியில் சாப்பிட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் சேனலின் தலைமை அம்மா வந்தார். வெள்ளைச் சோபாவில் உட்கார்ந்து, சாயம் பூசாதவர்களை எல்லாம் சுற்றி உட்காரவைத்து, சமத்துவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். நன்றாகப் பேசினார், குறை சொல்லவே முடியாது. பின்படிக்கட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. என்ஜின் அண்ணன் ஒரு நல்ல இடத்தில் கை தட்டப் போய், சாயம் தெறிக்கும் என்று நிறுத்திக்கொண்டார். முடிவில் அந்த அம்மா, ‘இந்த அருமையான யோசனை யாரோடது?’ என்று கேட்க, கதை சார் கள்ளமில்லாமல், ‘நம்ம அசிஸ்டெண்டுப் பொண்ணு மேடம். ரொம்பக் கூச்சம், வாயே திறக்காது’ என்றார்.

‘கூப்பிடுங்க, பார்க்கலாம்.’

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. ஓடிப்போய் ஒரு கட்டுச் செய்தித்தாள் எடுத்துவந்து, பின்படிக்கட்டுக் கதவிலிருந்து அறை நடுவே வரைக்கும் ஒவ்வொன்றாக விரித்தார், கடைசியில் ஒரு முக்காலி போட்டு அதன் மேலும் நாலாக மடித்து ஒன்றை வைத்தார். ‘பேப்பர் மேலயே நடந்து வாம்மா, பேப்பர் மேலயே’ என்று கெஞ்சினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். குனிந்தால் செய்தித்தாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நாலாவது எட்டில் எங்கே என்று தெரிந்துவிட்டது.

எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு என்னைக் கூட்டிவரும் வழியில், ஒரு பெரிய வீட்டில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று உங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் காருக்கு அடியில் கிடந்தீர்கள். வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். நாற்காலியில் செய்தித்தாள் விரித்தார்கள், உங்கள் உடம்பெல்லாம் கிரீஸ், நியாயம்தான். பக்கத்து நாற்காலியிலும் விரித்தார்கள். அதில் நான் உட்கார்ந்தேன். துவைத்துத் தேய்த்த பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், என் மேல் ஒரு சொட்டுக் கிரீஸ் கிடையாது மாமா. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நான் பார்த்தேன். உடனே என் காதருகே குனிந்து, ‘நமக்கு மட்டும் உக்காந்துக்கிட்டே செய்தி படிக்க வசதி பண்ணியிருக்காங்க பாரு’ என்றீர்கள். வீடு வந்து சேரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அது வேடிக்கை இல்லை என்று புரிய எனக்கு ஒரு பட்டப் படிப்பு தேவைப்பட்டது.

முக்காலி வரைக்கும் வந்துவிட்டேன். தலைமை அம்மா கைகுலுக்கக் கையை நீட்டினார், என் கையைப் பார்த்தார், அதே கையால் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். ‘சொல்லும்மா, இந்தக் கதையில நடிக்கிறது எப்படி இருக்கு?’ என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பதிலெல்லாம் மனதில் வரிசையாக இருந்தது, நாக்கு வரைக்கும் வரவில்லை. முக்காலியைத் தாண்டி ஒரு எட்டு வைத்தேன். வெள்ளைச் சோபாவில், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், முதுகு நன்றாகச் சாய உட்கார்ந்தேன்.

பயத்தில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கால் நடுங்கவில்லை.

மேனேஜர் ‘ஐயோ’ என்றார், சத்தமாகக்கூட இல்லை, யாரோ செத்த வீட்டில் சொல்வது போல. நான் எழப் போனேன். ‘உக்காரும்மா, எந்திரிச்சா இன்னும் அசிங்கமாத்தான் தெரியும்’ என்றார் தலைமை அம்மா. அது அன்பா, சோபா மேல் அக்கறையா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நிலைமையைச் சமாளிக்க மேனேஜர் ஓடிப்போய்த் தட்டில் இரண்டு கோப்பை டீ கொண்டுவந்தார். பதற்றத்திலும் பழக்கம் விடவில்லை, ஒன்று எனக்கென்று டேப் ஒட்டியது. அந்த அம்மா பார்க்காமல் அதையே எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். மேனேஜரின் முகம் எங்கள் எல்லாரையும்விட நீலமாயிற்று. கோப்பையின் அடியைத் திருப்பிப் பார்த்து, ‘இதென்ன டேப்பு?’ என்று அந்த அம்மா கேட்டபோதுதான் கதை சார் நிமிர்ந்தார். டேப்பைப் பார்த்தார், தரையில் விரித்த செய்தித்தாளைப் பார்த்தார், பின்படிக்கட்டுக் கதவு இடுக்கில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்த இருபத்தைந்து நீல முகங்களைப் பார்த்தார். ‘மேடம், மூணு நாளா நாம’ என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எழுந்து நேராகப் பின்படிக்கட்டுக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அங்கேயே என் தடி நோட்டை வாங்கிக் கடைசிக் காட்சியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பழைய முடிவில் கேப்டன் மனம் திருந்தி நீண்ட வசனம் பேசுவார். புதிய முடிவில் வசனம் இல்லை. ஒரு நீலப் பெண் கேப்டன் நாற்காலியில் உட்காருகிறாள், எழுந்து போகிறாள்.

ஏன் ஒரு பட்டனைக்கூட அமுக்கவில்லை என்று கேட்டீர்களே மாமா, அது நான்தான். அமுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அந்த நீலத்துக்குள் உங்களுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையச் சந்தோஷம்.

இப்போது அந்தப் பென்சில் வரி. நாள் முழுக்கப் பார்ப்பதையே ஞாயிற்றுக்கிழமையும் காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாளாக யோசிக்கிறேன். உங்களைப் பொறுத்தவரை, வேண்டாம். வாரம் முழுக்கச் செய்தித்தாள் விரித்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு நல்ல சண்டையும் நாலு குண்டும் கொடுப்பதுதான் மரியாதை. ஆனால் அந்த நாற்காலியில் செய்தித்தாள் விரித்த அம்மாவும் அதே ஆறு மணிக்கு அதே தொடரைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எங்கள் மேனேஜர் மாதிரி, கையில் எப்போதும் ஒரு நல்ல காரணம் வைத்திருப்பவர்கள். நேருக்கு நேர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நீலத்தைப் பூசிச் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். எடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கே மூன்றாம் நாள்தான் உறைத்தது என்றால், பார்க்கிறவர்களுக்கு நாற்பத்து மூன்று நிமிடம் அதிகம் இல்லை. அது அவர்களுக்காக எடுத்த அத்தியாயம் மாமா. தெரியாமல் உங்களையும் அதில் உட்காரவைத்துவிட்டோம், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் விண்வெளித் தொடர்கள் இப்படிப்பட்ட விஷப்பரீட்சைகளில் அவ்வப்போது இறங்கத்தான் வேண்டும், கப்பல் நகராவிட்டாலும் பரவாயில்லை, அதில் நான் பின்வாங்குவதாக இல்லை. பதினான்கு வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறுதானே கேட்டோம்.

சண்டை போடுவது போல எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தது நன்றி சொல்லத்தான். கல்லூரி விண்ணப்பம் வாங்கப் பட்டறையை மூடிவிட்டு என்னோடு வந்தீர்கள். நம் இரண்டு வீட்டிலும் யாரும் அதற்கு முன் அந்த மாதிரி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததில்லை. சோப்புத்தூளும் மண்ணெண்ணெயும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவியிருந்தீர்கள். அப்படியும் வரிசையில் நின்ற மூன்று மணி நேரமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘படிவத்தை நீயே பிடி, நான் தொட மாட்டேன்’ என்றீர்கள். அன்றைக்கு அதைக் கவனித்தேன், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூச்சம். இன்றைக்கும் எழுத்தில்தான் வருகிறது. அந்தப் படிவத்தில் உங்கள் விரல் பட்டிருந்தால் எனக்கு இன்னும் பெருமையாகத்தான் இருந்திருக்கும் மாமா. அந்தக் கடனுக்காகத்தானோ என்னவோ, மூன்று கடிதத்திலும் ரேகையைப் பதித்து அனுப்பிவிட்டீர்கள். மூன்றையும் கோப்பிலிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பிடிக்கவில்லை என்பதை மூன்று பெயரில் எழுத வேண்டுமென்றால், அந்த அளவுக்கு ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் நன்றி.

அக்காவை முழங்கால் வலிக்கு மருந்து தடவச் சொல்லுங்கள், தடவினேன் என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள். காலில் விழுந்து வணங்குகிறேன் என்று எழுதினால், ‘எந்திரி, கிரீஸ் ஒட்டிக்கும்’ என்பீர்கள். ஒட்டட்டும், வணங்குகிறேன். நீங்கள் இருவரும் நல்ல உடம்போடும் ஓயாத வாயோடும் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்,
உங்கள் மச்சினி

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. என்னை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பென்சில் வரி எழுதியவர் என் மாமா என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில், எனக்கே கேட்கிற அளவுக்கு. கதை சார், ‘அப்படின்னா அடுத்த கதையை அவருக்காக நீயே எழுது’ என்றார். மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். மேலே பக்கம் பக்கமாக நான் வாதாடியது எதுவும் இதில் இல்லை மாமா. இனவெறி இல்லை, பாடம் இல்லை, சாப்பாட்டு வரிசை இல்லை. முதல் நிமிடத்திலேயே குண்டு வெடிக்கிறது. மூன்று சண்டை. கப்பல் இதுவரை போகாத வேகத்தில் போகிறது. நாற்பத்து மூன்று நிமிடமும் கேப்டனின் முகம் தெரியும். இந்தக் கதையில் கேப்டன் நம்ம என்ஜின் அண்ணன், அதே நீலத்தோடு. அவர் எப்படிக் கேப்டன் ஆனார் என்று கப்பலில் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களும் கேட்காமல் பாருங்கள்.